குறியும் காரணமும்

விளக்கை நாம் அணைப்பதில்லை. அணைத்தாலும் அணைத்தோம் என்று சொல்வதில்லை. "விளக்கைக் குளிர வை" என்றோ "அமர்த்து" என்றோ சொல்லத்தான் நம் பாட்டிமார் நம்மைப் பழக்கினர். எரியும் விளக்கு நலத்தின் அடையாளம். அணைந்த விளக்கு கேட்டின் அடையாளம். இவ்வாறு எண்ணிப் பழகிய நாம், எரிந்தால் அஞ்சவும் அணைந்தால் மகிழவும் வேண்டிய ஒரு விளக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாள்தோறும் பயணம் செய்கிறோம். மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் அது இருக்கிறது. சிவப்பு நிறம், ஒரு சிறு பெட்டியின் வடிவம், பெட்டிக்குள் ஒருபுறம் கூட்டல் குறி, மறுபுறம் கழித்தல் குறி. பேட்டரி விளக்கு என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறு விளக்கு என்னை ஒரு கேள்வியின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியது. அது வண்டியைப் பற்றிய கேள்வியன்று. ஆயினும் வண்டியின் வழியாகத்தான் அதனிடம் செல்ல முடிகிறது. ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் சற்றுப் பொறுமையோடு உடன் வர வேண்டுகிறேன்.

ஒரு மாலைப் பொழுது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு கோலா கெட்டில் சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. முகப்பு விளக்கு, கண்ணாடித் துடைப்பான், குளிர்சாதனம் யாவும் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது அந்தச் சிவப்பு விளக்கு மங்கலாகத் தோன்றியது. சற்று நேரத்தில் தெளிவாக எரிந்தது. மறுநாள் ஒரு பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்." அவர் மறுக்கவில்லை. புதியதைப் பொருத்தினார், பழையதை எடுத்துக்கொண்டு அதற்குரிய சிறு தொகையை விலையில் கழித்தார். வெயில் நாளில் வெறும் சாலையில் ஓட்டிப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. சிக்கலைத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் மீண்டும் மழை பெய்தது. மீண்டும் விளக்கு எரிந்தது.

எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி ஒரு முதியவர் இருக்கிறார். தோட்டத்து லாரியை நெடுங்காலம் ஓட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு, இரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் எழுந்தபின் இங்குக் குடிவந்தார். வண்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தேடுறீங்க வாத்தியாரே?"

"பேட்டரிதான் அண்ணே. புதியது, இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் விளக்கு எரிகிறது."

"பேட்டரி கெட்டுப்போச்சுன்னு அந்த விளக்கு சொல்லிச்சா?"

"பேட்டரியின் படத்தையே போட்டிருக்கிறார்களே!"

"படம் பேட்டரிதான். ஆனா அது சொல்ற கத வேற."

வீட்டுக்குச் சென்று ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுவந்தார். விலை மிகுந்த கருவியன்று. சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்புக் கம்பி ஒன்று, எண் காட்டும் சிறு திரை. எஞ்சின் ஓடாதபோது பேட்டரியின் இரு முனைகளிலும் கம்பிகளை வைத்தார். 12.2 என்று காட்டியது. முழுமையாக மின்னேறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். குறைந்திருந்தது, ஆனால் செத்துவிடவில்லை. பின்னர் எஞ்சினை ஓட்டச் சொன்னார். ஓடும் வண்டியில் அந்த எண் ஏற வேண்டும், பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். ஏனெனில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரம் தரும் வேலையை ஆல்டர்நேட்டர் என்னும் மின்னாக்கி ஏற்றுக்கொள்கிறது. வண்டிக்கு வேண்டியதைக் கொடுத்து, எஞ்சினை எழுப்பியதில் பேட்டரி இழந்ததையும் ஈடுசெய்கிறது. என் வண்டியிலோ எண் ஏறவில்லை. முகப்பு விளக்கைப் போட்டதும் 12க்கும் கீழே இறங்கியது. பேட்டரி கொடுத்துக்கொண்டே இருந்தது. அதற்குக் கொடுப்பவர் எவருமில்லை.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது வெகுவாகத் தளர்ந்திருந்தது. உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது, அங்கங்கே வெடிப்பு. சுமை குறைவாக இருக்கும்போது எப்படியோ சுற்றியிருக்கிறது. மழையில் நனைந்து, சுமையும் ஏறியபோது வழுக்கியிருக்கிறது. இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஓர் இரும்புக் கம்பியால் மின்னாக்கியை நெம்பிப் பிடித்துப் பெல்ட்டை இறுக்கினார். மீண்டும் எஞ்சினை ஓட்டினோம். 14.1. முகப்பு விளக்கும் குளிர்சாதனமும் போட்ட பின்னும் 13.7. கால் மணி நேர வேலை. மறுநாள் புதுப் பெல்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதன் விலையைப் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் வெட்கமாக இருக்கும்.

(ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வண்டி நின்றுவிட்டால் மின்னாக்கி பழுது என்பது அவர்கள் கணக்கு. அப்படிக் கழற்றும்போது மின்னழுத்தம் திடீரென உயர்ந்து வண்டியின் மின்னணுப் பகுதிகளை எரித்துவிடக்கூடும். காரணத்தைத் தேடும் முறையே புதிய கேட்டுக்குக் காரணமாவதும் உண்டு.)

வேலை முடிந்தபின் அவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டு அந்த விளக்கின் அமைப்பை எனக்கு விளக்கினார். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தல் முறை சொல்லித் தந்தவர்கள் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள். பழைய அமைப்பிலுள்ள வண்டிகளில் அந்த விளக்கின் ஒரு முனை பேட்டரியின் பக்கம். மறுமுனை மின்னாக்கியின் பக்கம். எஞ்சின் எழுமுன் ஒருபுறம் அழுத்தம் உண்டு, மறுபுறம் இல்லை. ஆகவே மின்னோட்டம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. மின்னாக்கி வேலை செய்யத் தொடங்கியதும் இருபுறமும் அழுத்தம் சமமாகிறது, ஓட்டம் நிற்கிறது, விளக்கு அணைகிறது. இக்காலத்துப் புது வண்டிகளில் இதைக் கணினி முடிவு செய்கிறது என்றாலும் பொருள் ஏறத்தாழ அதுதான். அப்படியானால் அந்த விளக்கு யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. இருவருக்கிடையே இருக்க வேண்டிய சமன்பாடு குலைந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. குற்றவாளியின் பெயரை அதன்மேல் எழுதியவர்கள் நாம். அந்தப் பெயரும் துன்பப்படுகிறவனின் பெயராக அமைந்துவிட்டது.

அன்றிரவு மணிமேகலையை எடுத்துப் புரட்டினேன். அதன் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கு நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பதுபோல என்பது அங்கே வரும் எடுத்துக்காட்டு. தமிழாசிரியர் அனைவரும் இதனை அறிவர். ஆனால் அதே காதையில் ஏதுப்போலிகளின் வரிசையில் வரும் ஒரு பிழையை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தெரிவது புகையா, ஆவியா, பனியா என்னும் ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிந்துவிடும் பிழை அது. கெடாவில் வாழும் நமக்கு இதை விளக்கச் சாத்தனாரின் காஞ்சிவரை செல்ல வேண்டியதில்லை. குரூணிலிருந்தோ பீடோங்கிலிருந்தோ மழைவிட்ட காலையில் ஜெராய் மலையைப் பாருங்கள். 1,217 மீட்டர் உயரத்து உச்சியைச் சுற்றி வெண்மையாக ஏதோ எழுந்துகொண்டிருக்கும். தீயணைப்பு நிலையத்துக்கு எவரும் ஓடுவதில்லை. மலையைப் பார்க்கும்போது நம்மிடம் இருக்கும் இந்த நிதானம் மனிதரைப் பார்க்கும்போது எங்கே போய்விடுகிறது?

இந்தக் கேள்வியை நான் பொதுவாகக் கேட்கவில்லை. 1990களின் தொடக்கத்தில், பயிற்சி முடித்து வந்த புதிதில், பாலிங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பை எனக்குக் கொடுத்தனர். அதில் ஒரு பையன். முதல் பாடவேளையில் கொட்டாவி. இரண்டாம் பாடவேளையில் உறக்கம். கணக்கு அப்போதுதான். எழுப்பினேன்; நிற்க வைத்தேன்; முகம் கழுவி வரச் சொன்னேன்; கடைசியில் பிரம்பையும் எடுத்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. காரணம் கேட்டபோதும் பேசவில்லை. ஆண்டிறுதியில் அவனுடைய தேர்ச்சிக் குறிப்பேட்டில், அழகான கையெழுத்தில், "சோம்பல் மிக்கவன்" என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஒரு விடுமுறை முடிந்து இரவுப் பேருந்தில் வந்து, விடிவதற்கு முன்பே தோட்டச் சாலையில் இறங்கி நடந்தேன். பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குள் சென்றிருந்தனர். மரங்களுக்கிடையே நெற்றி விளக்குகள் மின்மினிபோல் அசைந்துகொண்டிருந்தன. ஒரு நிரையில் ஒரு பெண் மரம் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஓடி ஓடி மங்கு துடைத்துக்கொண்டும் ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போட்டுக்கொண்டும் ஒரு சிறுவன். பள்ளிச் சட்டை மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்று, "வணக்கம் சார்" என்றான்.

அதற்குப் பிறகு பிரம்பை எடுக்கவில்லை. கணக்குப் பாடத்தை ஓய்வு நேரத்துக்குப் பின்னால் மாற்றினேன். சற்றுத் தெளிவாக இருந்தான். அவ்வளவுதான் என்னால் ஆயிற்று. அவன் தாய்க்கு ஒதுக்கிய நிரையை என்னால் குறைக்க முடியவில்லை. வீட்டில் இன்னொரு சம்பளக்காரரை உண்டாக்க முடியவில்லை. ஆனால் என்னால் முடிந்திருக்கக்கூடிய ஒன்றையும் நான் செய்யவில்லை. குறிப்பேட்டில் எழுதிய அந்தச் சொல்லை அடிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எழுதியதை அடித்துத் திருத்தினால் தலைமையாசிரியர் கேட்பாரே என்ற தயக்கம். ஆறாம் ஆண்டு முடிந்து அவன் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபோது அந்தச் சொல்லும் அவனோடு சென்றிருக்கும்.

நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பொருந்தச் செய்யவேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை. அக்குறளை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்தப் பையன் உறங்கிய நாள்களில் ஒன்றிலும் எழுதியிருக்கக்கூடும். முதலைத் தேடு என்று குறள் சொல்கிறது. தேடும் மனிதன் எந்த இடத்தில் நின்றுவிடுவான், ஏன் அங்கே நிற்பான் என்பதை நாமேதான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வண்டியின் கதையையே பாருங்கள். விளக்கு எரிந்தது ஏன்? பேட்டரிக்கு மின்சாரம் வரவில்லை. ஏன் வரவில்லை? மின்னாக்கி சரியாகச் சுழலவில்லை. ஏன் சுழலவில்லை? பெல்ட் தளர்ந்திருந்தது. இந்த இடத்தில் முதியவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "வண்டிய கடைசியா எப்ப சர்வீசுக்கு விட்டீங்க?" என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. காரணங்களின் வரிசை ஒவ்வொரு படியாக நடந்துவந்து கடைசியில் என் வீட்டு வாசலில் நின்றது. பேட்டரியோடு நான் நின்றுவிட்டதற்கு அறியாமை மட்டுமா காரணம்? பேட்டரியோடு நின்றால் குற்றம் பேட்டரியுடையது. எனக்குச் செலவு உண்டு, ஆனால் பழியில்லை. அந்தப் பையனின் சோம்பலோடு நின்றபோதும் அப்படித்தான். குற்றம் அவனுடையது, நான் நல்லாசிரியன். காரணத்தைத் தேடுகிறவர்களில் பலர் தங்களுக்குப் பழி வராத முதல் இடத்திலேயே நின்றுவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடம் உண்மையாகவும் இருக்கலாம். பேட்டரி உண்மையிலேயே பலவீனமாகத்தான் இருந்தது. பையன் உண்மையிலேயே உறங்கத்தான் செய்தான்.

இந்த மண்ணின் பழைய கதையொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. தோட்டத் தமிழன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்டால், குடிக்கிறான், அதனால் ஏழை என்று விடை சொல்லி நின்றுவிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவன் குடித்தது பொய்யன்று. ஆனால் கள்ளுக்கடை எங்கே இருந்தது? ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை நடுவிடமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை இளைஞர்கள் இந்தக் கேள்வியோடுதான் இன்னும் ஒரு படி நடந்தனர். குடிக்காதே என்று குடிப்பவனிடம் சொன்னதோடு அமையாமல் கள்ளுக்கடைக்கு எதிராகவே திரண்டனர். அந்த ஒரு படி அரசுக்குப் பிடிக்கவில்லை. 1947இல் காவல்துறையின் கை அவர்கள்மேல் விழுந்தது, படை ஒடுக்கப்பட்டது. குடிப்பவனைத் திட்டும் வரையில் யாரும் யாரையும் கைது செய்வதில்லை.

என் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர்தாம், இதைக் கேட்டுவிட்டு ஒரு தடையை எழுப்பினார். "இப்படிக் காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டே போனால் உலகில் ஒருவனும் குற்றவாளியாக மாட்டான். எல்லாம் சூழ்நிலை என்றாகிவிடும். பையன் படிக்காததற்குத் தாய் காரணம், தாய்க்கு முதலாளி காரணம், முதலாளிக்கு இலண்டன் சந்தையில் இரப்பர் விலை காரணம். பிறகு யாரைத் திருத்துவது?" வலிமையான தடைதான். நான் அவருக்கு முழுமையான விடை சொல்லிவிட்டதாக எண்ணவில்லை. ஆயினும் முதியவர் எஞ்சினுக்குள் கைவிட்டு வேலை செய்த முறையில் ஒரு விடை இருந்தது. அவர் பெல்ட் நெய்த தொழிற்சாலை வரையிலும் போகவில்லை, பேட்டரியோடும் நிற்கவில்லை. தன் கை எட்டுகிற இடம் வரைக்கும் சென்றார், அங்கே திருகியை வைத்தார். நண்பர் சொன்ன வரிசையில் இரப்பர் விலை என் கைக்கு எட்டாதது. கணக்குப் பாடவேளை எட்டக்கூடியது. குறிப்பேட்டுச் சொல் மிக நன்றாக எட்டக்கூடியது. "எல்லாம் சூழ்நிலை" என்று கூறிக் கையைக் கட்டிக்கொள்பவனும், "எல்லாம் அவன் சோம்பல்" என்று கூறிப் பிரம்பை எடுப்பவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றனர். இருவரும் தம் கை எட்டும் இடத்தைப் பார்க்க மறுக்கின்றனர். பையன் தன் உறக்கத்துக்குப் பொறுப்பே இல்லாதவன் என்று நான் சொல்லவில்லை. அவன் பொறுப்பை அவன் விடிவதற்கு முன்பே வாளியில் சுமந்துகொண்டிருந்தான். என் பொறுப்புத்தான் அந்த வகுப்பறையில் சுமப்பாரற்றுக் கிடந்தது.

முதியவர் சொன்ன இன்னொன்றையும் சொல்லி நிறுத்துகிறேன். எரியாத விளக்கை நம்பாதே என்றார் அவர். விளக்குக் குமிழே எரிந்துபோயிருந்தால் வண்டியில் எந்தக் கேடு வந்தாலும் அது காட்டாது. அதுமட்டுமன்று, பழைய அமைப்பிலுள்ள பல வண்டிகளில் மின்னாக்கியைத் தூண்டிவிடும் முதல் மின்னோட்டமே அந்தக் குமிழின் வழியாகத்தான் செல்கிறது. குமிழ் கெட்டுவிட்டால் நல்ல மின்னாக்கியும் வேலையைத் தொடங்காமல் போகக்கூடும். குறி காட்ட வேண்டியது ஊமையானால் அதுவே காரணமாகிவிடுகிறது. இதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவன், காரணம் கேட்டும் வாய் திறக்காத அந்தப் பையன். அவன் ஏன் பேசவில்லை என்பதை நான் அன்றும் கேட்கவில்லை. கையில் பிரம்போடு கேட்ட கேள்வியைக் கேள்வி என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

இப்போது நான் தலைமையாசிரியன். ஆண்டிறுதியில் குறிப்பேடுகள் கையொப்பத்துக்காக என் மேசைக்கு வருகின்றன. இளம் ஆசிரியர்கள் எழுதும் சொற்களைப் படிக்கிறேன். "கவனமில்லை", "முயற்சி போதாது", "அமைதியானவன்". முதலிரண்டுக்கும் ஆசிரியரை அழைத்து விவரம் கேட்கும் வழக்கம் எனக்கு முன்பே உண்டு. இப்போது மூன்றாவதற்கும் அழைக்கிறேன். "அமைதியானவன் என்று நல்லபடியாகத்தானே சார் எழுதியிருக்கிறேன்?" என்று அவர்கள் வியப்பார்கள். அந்தப் பிள்ளை கடைசியாக உங்களிடம் என்ன பேசினான் என்று கேட்பேன். சிலருக்கு நினைவிருக்கும், சிலருக்கு இராது.

விடிகாலையில் பள்ளிக்குப் புறப்படும்போது உடனே எஞ்சினை எழுப்புவதில்லை. சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்கிறேன்.